தேசிக்காய்ப் புளி பட்ட முகம்: மூன்று பழைய சங்குக் கேமியோக்களில் இரண்டை வெள்ளியில் பதித்த நிகழ்வின் ஆய்வு

கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள என் பட்டறைக்கு, வெள்ளவத்தையில் வசிக்கும் ஆசிரியை ஒருவர், பஞ்சில் பொதிந்த மூன்று பழைய கேமியோக்களை, அதாவது ஒரு நிறத் தளத்தின்மேல் வேறு நிறத்தில் உருவம் மேடாக நிற்கும்படி செதுக்கிய அணிகளை, கொண்டுவந்தார். மூன்றும் சங்கில் செதுக்கியவை. மூன்றும் புரூச் என்று நாம் சொல்லும் ஊசிப் பதக்கங்கள். அவற்றுள் பெரியதன் சட்டகம் கொக்கியோடு பிய்ந்திருந்தது. அதில் செதுக்கியிருந்த பெண்ணின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிக் கிடந்தது. "எல்லாத்தையும் வெள்ளியில கட்டித் தந்தால் நான் ஒவ்வொரு நாளும் போடுவன், அண்ணை" என்றார். ஒன்றரை மாதம் நீடித்த அந்த வேலையில், சங்கு எதனால் கெட்டது, அதை எந்த ஒழுங்கில் வெள்ளிக்குள் கொண்டுவந்தேன், எதைச் செய்ய மறுத்தேன் என்பவற்றை, இதே வகைப் பொருள் கைக்கு வரும் பத்தர்களுக்கும் அதை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் என்று எண்ணி விரிவாக எழுதுகிறேன்.

கேமியோக்கள் அந்தக் குடும்பத்துக்கு வந்த வழி எளியது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின்னர், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் பல அவுஸ்திரேலியாவுக்குப் போன காலத்தில், பம்பலப்பிட்டியில் அயல்வீட்டில் இருந்த பறங்கிப் பெண்மணி ஒருவர், ஆசிரியையின் அம்மம்மா தன் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர் என்பதால், அவரிடம் இவற்றைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினாராம். அம்மம்மா அவற்றை ஒருநாளும் அணியவில்லை. அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். பேத்தியின் காலத்தில்தான் அவை வெளியே வந்தன, கெட்டதும் அதன் பிறகுதான்.

சங்கை அறியாத ஊர் அல்ல நம்முடையது. மன்னார்க் கடலில் சங்கு குளித்ததும், அந்தச் சங்கு வளையலுக்காக வங்காளம் வரை போனதும் நெடுங்காலத்து வாணிபம். ஆயினும் நாம் பூசைக்கு ஊதும் வெண்சங்கில் கேமியோ செதுக்க முடியாது, ஏனெனில் அதற்கு ஒரே நிறம். கேமியோவுக்கு வேண்டியது நிறம் மாறும் படைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த சங்கு. தலைக்கவசம் போலப் பருத்த காசிசு இனச் சங்குகளில் அந்த அமைப்பு உண்டு. சிற்பி வெளிப்படையை நீக்கி, நடுவிலுள்ள வெள்ளைப் படையில் உருவத்தைச் செதுக்கி, உள்ளேயுள்ள நிறப் படையைத் தளமாக விட்டுவிடுவார். கரிபியன் கடலிலிருந்து வரும் காசிசு மடகாசுகரியென்சிசு என்னும் சங்கில், அதன் பெயர் எப்படியிருந்தாலும், தளம் கரும்பழுப்பாக வரும். கிழக்கு ஆபிரிக்கக் கரை உட்பட இந்துமாகடலில் கிடைக்கும் சிப்ரேகாசிசு ரூபாவில் அது செம்மஞ்சளாக இருக்கும். கரிபியன் கடலின் மகாராணிச் சங்கில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் அமையும்.

இந்த வேலையின் தலைநகரம் இத்தாலியில், நேப்பிள்சுக்குப் பக்கத்தில், வெசுவியசு எரிமலையின் அடிவாரத்திலுள்ள டொரே டெல் கிரேக்கோ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு வளர்ந்த தொழில் இன்றும் நடக்கிறது. பவளம் செதுக்கும் கலையைக் கற்பிக்க 1878 இல் அங்கே ஒரு பள்ளியும் தொடங்கப்பட்டது. சங்குத் துண்டை ஒரு கோலின் முனையில் பிசின் வைத்து ஒட்டி, கோலை இடக்கையில் திருப்பித் திருப்பி, வலக்கையிலுள்ள சிற்றுளியால் செதுக்குவது அவர்களது முறை. நாம் அரக்கில் தகட்டைப் பதித்து உளியோட்டுவதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை என்பதால், அந்த உளித்தடங்களைப் பூதக்கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருக்கம் தோன்றும்.

முதலில் மூன்றும் சங்குதானா என்று பார்த்தேன். அச்சில் வார்த்த பிளாத்திக்கு கேமியோக்கள் சந்தையில் ஏராளம் என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. சிலர் சூடாக்கிய ஊசியை முதுகில் குத்திப் பார்ப்பார்கள். சிலர் ஒரு சொட்டுத் திராவகம் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் உண்மையைச் சொல்லும், ஆனால் பொருளைக் காயப்படுத்தித்தான் சொல்லும். விளக்கின்முன் பிடித்தாலே போதும்: சங்கு என்றால் ஒளி ஊடுருவி, உருவத்தின் நிழல் பின்பக்கத்தில் தெரியும். சங்கின் இயல்பான வளைவு முதுகில் குழிவாக நிற்கும். பத்து மடங்குக் கண்ணாடியில், கூந்தல் இழைகளின் ஓரங்களில் உளி திரும்பிய கீறல்கள் ஒன்றுபோல் ஒன்று இராது. மூன்றும் இந்தப் பரிசோதனையில் தேறின. பெரியது கரும்பழுப்புத் தளத்தில், திராட்சைக் கொடி சூடிய பெண்முகம். உயரம் 44 மில்லிமீற்றர், அகலம் 35. நடுவிலானது செம்மஞ்சள் தளத்தில் ஒரு பூங்கொத்து. 25 க்கு 19. மூன்றாவது இளஞ்சிவப்பில் ஒரு புறா. பெரியதன் ஊசி சட்டகத்தின் விளிம்பைத் தாண்டி நீண்டு, பூட்டு இல்லாத வெறும் வளைகொக்கியில் மாட்டும் பழைய வகை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டைக் காட்டும் அடையாளம்தான். ஊசிகள் பின்னாளில் மாற்றப்படுவதும் உண்டு என்பதால் அதைக் கொண்டு மட்டும் நான் காலம் குறிப்பதில்லை.

பெரிய கேமியோவில் நான்கு வகைக் கேடுகள் இருந்தன. விளிம்பிலிருந்து உள்நோக்கி, கன்னத்தைத் தொடாமல் நின்ற ஒரு மயிரிழை வெடிப்பு. அதன் நீளம் 6 மில்லிமீற்றர். ஊசியின் கீல் இருந்த இடத்துக்கு நேரே, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு, நிறம் செத்து வெளுத்த ஒரு பொட்டு. சங்குக்கும் பித்தளைச் சட்டகத்துக்கும் நடுவே சுற்றிவர இறுகிய உடனொட்டும் பசையும், தளத்தின் ஓரங்களில் அதன் ஆவி படிந்த வெண்படலமும். நான்காவது, முகத்தின் மேடான இடங்களில், குறிப்பாக மூக்கின் நுனியிலும் நெற்றிக்கு மேலுள்ள திராட்சைக் குலையிலும், மெருகு அறவே இல்லாத சொரசொரப்பு.

முதல் மூன்றும் ஒரே கையிலிருந்து வந்தவை. சில ஆண்டுகளுக்கு முன் கீல் கழன்றபோது, ஒரு நகைக்கடையில் கொடுத்துத் திருத்தியிருக்கிறார்கள். அங்கே சங்கைக் கழற்றாமலே கீலுக்கு ஈயம் வைத்து ஊதியிருக்கிறார்கள். பிறகு சட்டகம் தளர்ந்ததால் பசையை வார்த்திருக்கிறார்கள். சங்கு சுட்டாலும் வெண்மை தரும் என்பது நம் வழக்கு. வெண்சங்குக்கு அது பெருமை. நிறப் படையை நம்பி நிற்கும் கேமியோவுக்கு அதுவே மரணம். சங்கு என்பது கல்சியம் காபனேற்றுப் படிகங்களை மிக மெல்லிய உயிர்ப்பசை பிணைத்து வைத்திருக்கும் கட்டுமானம். ஊதுகுழலின் சுவாலை பட்ட இடத்தில் அந்தப் பிணைப்பு முதலில் கருகிப் போகிறது, எஞ்சுவது சுண்ணம். வெடிப்பும் அந்த வெளுத்த பொட்டின் ஓரத்திலிருந்தே தொடங்கியிருந்தது.

நான்காவதன் காரணத்தை ஆசிரியையே சொன்னார், அது கேடு என்று அறியாமல். "தேசிக்காய்ப் புளியாலதானே எல்லாச் சாமானையும் மினுக்கிறனாங்கள், அண்ணை. இதையும் ரெண்டு தரம் அப்பிடித்தான் தேய்ச்சனான்." குத்துவிளக்கையும் செம்பையும் புளியாலோ தேசிக்காயாலோ விளக்குவது நம் வீடுகளில் தலைமுறை வழக்கம், உலோகத்துக்கு அது நல்ல வழக்கமும்கூட. புளியிலுள்ள அமிலம் பித்தளையின் களிம்பைக் கரைக்கிறது. ஆனால் அதே அமிலம் சங்கின் கல்சியம் காபனேற்றையும் கரைத்து, காபனீரொட்சைட்டாக நுரைத்து வெளியேற்றுகிறது. நுரை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக இருக்கலாம். போவது சிற்பியின் கடைசி மெருகு. "இதைத் திரும்பக் கொண்டுவர ஏலாது, ரீச்சர். இனிப் போகாமல் பார்க்கலாம்" என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். மறைக்காமல் சொன்னது சரியென்றே நினைக்கிறேன், ஏனெனில் மீண்டும் மெருகேற்றித் தருகிறேன் என்று சொல்பவர் மூக்கையும் இதழையும் தேய்த்துத் தட்டையாக்கியே அந்தப் பளபளப்பைத் தரமுடியும்.

அடுத்தது, எதைப் புதிதாகக் கட்டுவது என்ற முடிவு. பழைய கேமியோவின் சட்டகம் நல்ல நிலையில் இருந்தால் அதை மாற்றக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சங்கும் சட்டகமும் ஒன்றாக மூப்படைந்தவை. இளஞ்சிவப்புப் புறாவின் மெல்லிய வெள்ளிச் சட்டகம் முழுதாக இருந்தது, கொக்கியும் பிடித்தது. ஆகவே அதைத் தொடவில்லை. மகாராணிச் சங்கின் இளஞ்சிவப்பு வெயில் பட்டால் வெளிறும் என்பதால், பகலில் வெளியே அணியாதீர்கள் என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். செம்மஞ்சள் பூங்கொத்தை மோதிரமாக்கித் தரும்படி கேட்டிருந்தார். அதையும் மறுத்தேன். சங்கின் கடினம், ஒன்று முதல் பத்து வரை எண்ணும் மோ அளவையில், ஏறக்குறைய 3.5; நம் தெருத் தூசியிலுள்ள மணற்றுகளோ படிகக்கல், அதன் கடினம் 7. மோதிரம் அணிந்த கை ஒரு நாளில் எத்தனை மேசை, எத்தனை சட்டி, எத்தனை தண்ணீர்க் குழாயைத் தொடுகிறது என்று எண்ணிப் பார்த்தால், கழுத்தே அதற்கு உரிய இடம் என்பது விளங்கும். பெரியதும் நடுவிலானதும் பதக்கங்களாவது என்று முடிவாயிற்று.

வெள்ளியைத் தேர்ந்ததில் விலை ஒரு காரணம். எனக்கு முதன்மையான காரணம் அதன் இளக்கம். சங்கின் விளிம்பில் மடிந்து அணைக்கும் கரைத்தகட்டைச் சுத்த வெள்ளியில், 0.3 மில்லிமீற்றர் தடிப்பில் செய்தால், விரலின் பலத்தோடு ஒரு சிறு தள்ளுகோல் போதும். பித்தளை அப்படி வளையாது. திமிறித் திரும்பும், அந்தத் திமிறலைச் சங்குதான் தாங்க வேண்டியிருக்கும். சங்கு அமரும் தாங்குதளத்துக்கும் வெளிவளையத்துக்கும் வலிமை வேண்டும் என்பதால் அவற்றுக்கு நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியும் மிகுதி செம்பும் சேர்ந்த உலோகத்தை எடுத்தேன்.

முதலில் பழைய பசையைக் கரைக்க வேண்டியிருந்தது. உடனொட்டும் பசை அசற்றோன் என்னும் கரைப்பானில் இளகும், அசற்றோன் கல்சியம் காபனேற்றைத் தாக்காது. பஞ்சு முனையில் தொட்டுத் தொட்டு, விளிம்பில் மட்டும் வைத்து, இரண்டு பிற்பகல்கள் காத்திருந்தேன். கத்தியால் நெம்பியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும், வெடிப்பும் கன்னத்தைக் கடந்திருக்கும். சங்கு தானாகக் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தபோது, பின்பக்கத்தில் யாரோ மிக மெல்லிய கீறலாக ஓர் எண்ணைப் பொறித்திருப்பது தெரிந்தது. பழைய சட்டகத்தின் மூடிய முதுகு அதை மறைத்திருந்தது. புதிய கூட்டின் முதுகைத் திறந்தே விடுவது என்று அந்தக் கணத்தில் முடிவு செய்தேன். திறந்த முதுகில் வியர்வை படும் என்பது உண்மை. ஆனால் மூடிய முதுகுக்குள் கொழும்பின் ஈரம் புகுந்தால் வெளியேற வழியில்லை, ஒளியும் ஊடுருவாது. தாங்குதளத்தைச் சற்று உயர்த்தி, சங்கு தோலைத் தொடாதபடி செய்தால் இரண்டும் தீரும்.

இவ்வேலை முழுவதற்கும் ஒரே சட்டம்தான் உண்டு: நெருப்பும் திராவகமும் முடிந்த பின்னரே சங்கு உள்ளே வரலாம். வழமையான கல் வேலையிலும் இப்படித்தான் என்றாலும், அங்கே பிறகு ஒரு சிறு பொடி (பற்றாசு) வைத்து ஊதித் திருத்த இடமிருக்கும். இங்கே அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. ஆகவே கொழுவும் வளையம் வரை எல்லாவற்றையும் முன்கூட்டியே எண்ணிக்கொண்டு தொடங்கினேன். நீள்வட்டத்தின் சுற்றளவு 124.5 மில்லிமீற்றர், தகட்டின் தடிப்புக்கும் சேர்த்து 125.5 இல் வெட்டி, வெண்காரம் தடவி, ஏறக்குறைய 750 பாகை செல்சியசில் ஓடும் வன்பொடியால் மூட்டினேன். தாங்குதளத்தையும், வெளியே சுற்றிவரும் முறுக்குக் கம்பியையும், அதன்மேல் நான்கு அரும்புகளையும், மேலே கொழுவும் வளையத்தையும் அதைவிடக் குறைந்த சூட்டில் ஓடும் இளம்பொடிகளால் ஒன்றன்பின் ஒன்றாக ஊதினேன். பிறகு வழக்கம்போல் மென்கந்தகத் திராவகத்தில் போட்டு வெளுத்து, தண்ணீரில் அலசினேன்.

இங்கேதான் ஒரு பிழை நேர்ந்தது, நல்லவேளையாக அது கேமியோவில் நேரவில்லை. புதிய கூட்டில் நேரே கேமியோவை வைக்காமல், முதலில் வேறொரு உடைந்த சங்குத் துண்டை அதே வடிவில் அராவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் பார்த்தபோது, அந்தத் துண்டின் விளிம்பில், முறுக்குக் கம்பிக்கு நேரே, வெண்பொடி ஒரு கோடாகப் பூத்திருந்தது. முறுக்குக் கம்பியின் இடுக்குகளில் ஒளிந்திருந்த திராவகம் காற்றின் ஈரத்தோடு மெல்ல வெளியே கசிந்திருக்கிறது. கல் வேலையில் நான் ஒருநாளும் கவனித்திராத கசிவு இது, ஏனெனில் சிவப்புக் கல்லோ நீலக் கல்லோ அதைப் பொருட்படுத்தாது. கூட்டை மீண்டும் எடுத்து, அப்பச்சோடாக் கரைசலில் இருமுறை கொதிக்கவைத்து, ஒவ்வொரு முறையும் புதிய தண்ணீரில் ஊறவிட்டு, அமிலம் பட்டால் சிவக்கும் நீலப் பாசிச்சாயத்தாளை அந்தத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன். தாள் நிறம் மாறாமல் நிற்கும்வரை அதைச் செய்தேன். பிறகு இன்னொரு சங்குத் துண்டை வைத்து ஒரு வாரம் காத்திருந்தேன். எதுவும் பூக்கவில்லை. அரும்பு வேலையும் முறுக்கு வேலையும் கூடிய கூட்டில் சங்கையோ முத்தையோ பவளத்தையோ பதிக்கும் எவரும் இந்த ஒரு வாரத்தைச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இம்மூன்றும் கல்சியம் காபனேற்றே. வெள்ளியைக் கறுப்பிக்கும் வேலையையும், பொற்றாசியம் சல்பைட்டுக் கரைசலில், இந்தக் கட்டத்திலேயே முடித்துக்கொண்டேன். சங்கு உள்ளே வந்தபின் எந்தக் கரைசலும் கிடையாது.

அதன் பிறகுதான் பொறுமையான பகுதி. சங்கின் விளிம்பு தட்டையாக இருப்பதில்லை. சங்கு வளைந்த வழியே அதுவும் அலைபோல் ஏறி இறங்கும். தட்டையான தாங்குதளத்தில் வைத்தபோது கேமியோ இரண்டு இடங்களில் மட்டும் தொட்டு, ஊஞ்சல்போல் ஆடியது. அப்படியே கரைத்தகட்டை மடித்து அழுத்தினால், அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே சங்கு முறியும். தாங்குதளத்தில் பென்சில் கரியைத் தேய்த்து, சங்கை மெல்ல வைத்து எடுத்து, கரி ஒட்டிய இடத்துக்கு நேரே வெள்ளியை இழை இழையாக அராவினேன். சங்கை அராவக் கூடாது. இடம் கொடுக்க வேண்டியது வெள்ளியே. ஒவ்வொரு முறையும் கூட்டுக்குள் குறுக்கே ஒரு தையல் நூலைப் போட்டு அதன்மேல் சங்கை வைத்தேன், இறுகினால் நூலைப் பிடித்துத் தூக்கிவிடலாம் என்பதற்காக. ஒன்றரை நாளில் கரி சுற்றிவர ஒட்டியது; கேமியோ அசையாமல் அமர்ந்தது.

மூடும்போது சுத்தியலைத் தொடவில்லை. முகத்தின்மேல் மெல்லிய தாளையும் அதன்மேல் ஒரு தோல்துண்டையும் வைத்து, தலைப்பக்கம் ஒரு தள்ளு, நேரெதிரே அடிப்பக்கம் ஒரு தள்ளு, பிறகு இடம், வலம் என்று எதிரெதிராகவே கரையைச் சாய்த்தேன். வெடிப்பு இருந்த இடத்தை எல்லாவற்றுக்கும் கடைசியாக, மற்றைய இடங்களில் பாதி அழுத்தத்தில் மூடினேன். கரை சங்கின்மேல் மடிந்த அகலம் அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அதற்கு அதிகமாக மூடினால் சிற்பியின் தளம் குறுகிவிடும். வெளுத்த பொட்டின் பெரும்பகுதி அந்த மடிப்பின்கீழ் மறைந்தது. அதற்காகவே கரையை அந்தப் பக்கத்தில் ஒரு இலைவடிவமாகச் சற்று அகட்டியிருந்தேன். அது மறைப்பு என்பதை ஆசிரியையிடம் சொல்லியே செய்தேன்.

செம்மஞ்சள் பூங்கொத்து எந்தத் தொல்லையும் தரவில்லை. கெட்டது அதன் சட்டகம் மட்டுமே. அராவல் உட்பட நான்கு நாளில் முடிந்தது. இந்துமாகடலில் எடுத்த சங்கு நேப்பிள்சுப் பக்கம் போய்ச் செதுக்கப்பட்டு, ஒரு பறங்கிப் பெண்ணின் மார்பில் கொழும்புக்கு வந்திருக்கும் என்ற நினைவு மட்டும் வேலை முடியும்வரை கூடவே இருந்தது.

கடைசியாகப் பெரிய கேமியோவின் முகத்தில், மணமில்லாத கனிம எண்ணெயில் ஒரு துளியைத் தூரிகையால் தொட்டுத் தடவி, பஞ்சுத் துணியால் முழுவதும் ஒற்றி எடுத்தேன். போன மெருகு வராது. சொரசொரப்பில் சிதறும் ஒளி குறைவதால் மூக்கின் வடிவம் சற்றுத் தெளிந்து தெரிந்தது. வீட்டுப் பராமரிப்புக்கு எழுதிக் கொடுத்தவை சில. வெள்ளி கறுத்தால் உலர்ந்த மென்துணியால் வெள்ளியை மட்டும் துடைக்க வேண்டும். போத்தலில் விற்கும் வெள்ளி கழுவும் திரவத்தில் அமிலம் இருப்பதால் அதில் அமிழ்த்தக் கூடாது. புளி, தேசிக்காய், வினாகிரி மூன்றும் அண்டக் கூடாது. விபூதியால் தேய்ப்பதும் வேண்டாம், அது சங்கைக் கீறும். வாசனைத் திரவியம் பூசிக் காய்ந்த பின்னரே அணிய வேண்டும். புதிய மரப்பெட்டியில் பூட்டி வைக்கவும் கூடாது. மரத்திலிருந்து கசியும் அமில ஆவி சங்கை உப்புப் பூக்கவைத்துக் கெடுக்கும். சேகரிப்புகளிலுள்ள சங்குகள் இப்படிக் கெடுவதை 1899 இல் பைன் என்பவர் விவரித்தார். அந்தக் கேட்டுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அம்மம்மாவின் பழைய பஞ்சுப் பொதி இந்த வகையில் மிக நல்ல பெட்டி.

மூன்று மாதத்தில் ஒருமுறையும் ஓராண்டு கழிந்து ஒருமுறையும் பெரிய பதக்கத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். காலி வீதிப் பக்கத்துக் கடற்காற்றில் வெள்ளி எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கறுத்திருந்தது. முறுக்குக் கம்பியின் இடுக்குகளில் வெண்பொடி எதுவும் இல்லை. கரைத்தகடு ஓரிடத்தில் சேலை நூல் சிக்கி இம்மியளவு உயர்ந்திருந்ததை மீண்டும் தள்ளி இறுக்கினேன். கண்ணாடியின்கீழ் அளவுகோலை வைத்து வெடிப்பை அளந்தேன். 6 மில்லிமீற்றரிலேயே நின்றிருந்தது.